பழைய பீரங்கி குண்டு: கூடு மட்டும் போதுமா, குண்டும் வேணுமா?

ஏற்காட்டுக்காரன்: 18 பவுண்டர், 25 பவுண்டர்னு சொல்ற பழைய பிரிட்டிஷ் பீரங்கிகளோட பித்தளைக் கூட்டை (குண்டைத் தள்ளுற மருந்து இருக்கிற உறை) மட்டும் வாங்கி அடுக்கினா அது பூச்சாடி. குண்டும் சேர்ந்தாத்தான் முழு ரவுண்டு. குண்டை வெடிக்க வைக்கிற ஃபியூஸ் கழட்டின ஓட்டை வழியா டார்ச் அடிங்க, காலியா தெரிஞ்சா வெறும் இரும்புதான். இதுல என்ன பயம்?

அஸ்தம்பட்டி பித்தளை: என்ன வகைக் குண்டுன்னே பார்க்காம காலின்னு சொல்றீங்களே, அதான் பயம். உருண்டைகளைச் சிதறடிக்கிற 18 பவுண்டர் ஷ்ராப்னல் குண்டை எடுத்துக்குங்க. உள்ளே சுமார் 375 ஈய உருண்டை, நடுவுல ஒரு குழாய், அடியில ஒரு இரும்புத் தட்டு. கருமருந்து இருக்கிற தகரக் கோப்பை அந்தத் தட்டுக்கும் கீழே. மேலே இருந்து பார்த்தா எப்படித் தெரியும்? கருமருந்து நூறு வருஷம் ஆனாலும் காய்ஞ்சிருந்தா ஒரு பொறி போதும். லிடைட்ங்கிற பழைய வெடிமருந்து அடைச்ச குண்டு இன்னும் மோசம். அதிலிருக்கிற பிக்ரிக் அமிலம் ஈயம், செம்போட சேர்ந்தா உரசினாலே வெடிக்கிற உப்பா மாறிடும்.

ஏற்காட்டுக்காரன்: எடை போட்டா தெரிஞ்சிடுமே. 25 பவுண்டர் குண்டு முழுசா 11.3 கிலோ. குறைஞ்சா காலி. குண்டைச் சுத்தியிருக்கிற செம்பு வளையத்துல பீரங்கிக் குழாயோட வரித்தடம் இருந்தா சுட்ட குண்டு.

அஸ்தம்பட்டி பித்தளை: ரெண்டுமே ஏமாத்தும். ஃபியூஸ் இல்லைன்னாலே எடை குறையும். உள்ளே இருக்கிற மருந்தே ஒரு கிலோவுக்குள்ளதான், துரு பிடிச்ச குண்டுல அந்த வித்தியாசத்தை வெச்சு எதையும் சொல்ல முடியாது. வரித்தடம் சுட்டதைத்தான் காட்டும், வெடிச்சதைக் காட்டாது. சுட்டும் வெடிக்காத குண்டுதான் இருக்கிறதிலேயே ஆபத்து, ஏன்னா ஃபியூஸ் தயார் நிலைக்குப் போயிருக்கும். பழைய இரும்புக் கடையில அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா தொடாதீங்க, நகர்த்தாதீங்க, 112க்குச் சொல்லுங்க. துளை போட்டுப் பார்க்கிற வேலையே கூடாது.

சூரமங்கலம்: சட்டத்தையும் பார்த்துக்குங்க. 1959 ஆயுதச் சட்டம் பிரிவு 2(1)(b)ல வெடிபொருள் அடைக்கிறதுக்குன்னே செஞ்ச பொருளும் அம்யூனிஷன் (தோட்டா, குண்டு வகை) தான். உள்ளே காலியா இருந்தாலும் அது பொருந்தும்.

ஏற்காட்டுக்காரன்: அதே சட்டம் பிரிவு 45(c)ல பழம்பொருளுக்கு விலக்கு இருக்கே. அதே 2(1)(b)ல அம்யூனிஷனோட பாகங்களும் வருது. அப்போ அஸ்தம்பட்டிக்காரர் கூடு மட்டும் எப்படித் தப்பும்?

சூரமங்கலம்: 45(c) சொல்றது துப்பாக்கியா பயன்படாத பழைய ஆயுதத்தை. குண்டை இல்லை. கூடு பத்தி நீங்க கேட்கிறது நியாயம். அதனாலதான் ரசீதோட வாங்கணும், கலெக்டர் ஆபீஸ்ல எழுத்துப்பூர்வமா கேட்டு வெச்சுக்கணும்.

அஸ்தம்பட்டி பித்தளை: கூடு வாங்கும்போது அடியில மருந்தைப் பத்தவைக்கிற பிரைமர் இருந்த இடத்துல வெளிச்சம் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரணும். ஊசி குத்தின தடம் மட்டும் போதாது, அது நமுத்துப்போன பிரைமராவும் இருக்கலாம். அப்புறம் அடிப்பாகத்து முத்திரை: வருஷம், லாட் எண், புனே பக்கத்து கிர்க்கி தொழிற்சாலைன்னா KF. இதெல்லாம் தெளிவா இருந்தாத்தான் மதிப்பு. பூச்சாடின்னு சொன்னீங்களே, அந்த ஒரு கூட்டுல இவ்வளவு படிக்கலாம்.

ஏற்காட்டுக்காரன்: பனிக்கு மலைமேல பித்தளை கறுத்துப் போகுதே. பாலிஷ் போட்டாத்தானே முத்திரை தெரியும்?

அஸ்தம்பட்டி பித்தளை: அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவுல மழைக்காலத்துல குதிரை லாயத்துக்குப் பக்கத்துல வெச்ச கூடுகள் தானாவே விரிசல் விட்டது அம்மோனியாவாலதான். கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள்ளே நின்ன இறுக்கத்தை அது பிளந்துடும். எஸ்டேட்ல எருக்குழி, மாட்டுக்கொட்டகை பக்கத்துல வைக்காதீங்க. புளியும் எலுமிச்சையும் துத்தநாகத்தைக் கரைச்சு செம்புத் திட்டு விடும். இளஞ்சூட்டுத் தண்ணி, மிதமான சோப்பு, மெல்லிய பிரஷ். நல்லா காயவெச்சு மெழுகை லேசா தடவுங்க, அது போதும்.

ஏற்காட்டுக்காரன்: மெழுகு சரி. குண்டை விடச் சொன்னா மட்டும் மனசு ஒப்பலை. நீளவாக்குல அறுத்து உள்ளே எல்லாம் தெரியிற மாதிரி ராணுவப் பயிற்சிக்குச் செஞ்சது கிடைச்சா?

சூரமங்கலம்: அதுக்கும் அனுமதியை முதல்ல கேளுங்க, அப்புறம் முன்பணம் கொடுங்க.