திட்ட உதவியாளர் வேலையில் சேரலாமா?

ஆலங்குளத்துப் பெண்:
எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்தில் மூலிகை ஆய்வு ஒன்றுக்குத் திட்ட உதவியாளர் வேலை, வெள்ளிக்கிழமை நேர்காணல். சீதபற்பநல்லூர் வழியாக ஒரே பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ஆனால் விளம்பரத்தில் 'முற்றிலும் தற்காலிகம்' என்று இருக்கிறது. ஜங்ஷனில் வங்கித் தேர்வுப் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

பேட்டைக்காரர்:
நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். சேர்ந்துவிடு மகளே. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு சேர். இந்தச் சம்பளம் பல்கலைக்கழகத்தின் பணம் இல்லை. நிதி நல்கும் நிறுவனம் அந்தத் திட்டத்துக்கென்று அனுப்புவது. பழைய பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்று போன பிறகே அடுத்த தவணை வரும். அதனால் நிதியாண்டு மாறும் மாதங்களில் சம்பளம் தாமதமாகலாம். திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் மீதி, வீட்டு வாடகைப்படி உண்டா, கட்டுரை வந்தால் உன் பெயர் இருக்குமா, இந்த மூன்றையும் முதல் நாளே கேட்டுவிடு. பேராசிரியர் தவறாக நினைக்க மாட்டார். நினைத்தால், அதுவும் முன்னாலேயே தெரிவது நல்லது.

அங்கே இருக்கும்போதே நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்குப் படி. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பணம் உன் பெயரில் வரும். ஒரு திட்டம் முடிந்ததால் அது நின்றுவிடாது. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000. அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்.

நூலகத்து அக்கா:
அண்ணாச்சி சொன்னதே சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியரும் மாணவரும் மட்டும் இல்லை. கருவி அறையில் மாதிரியைச் சோதித்துக் கொடுப்பவர், ஆய்வேட்டைச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றுபவர், திட்டக் கணக்கு எழுதுபவர் எல்லோரும் வேண்டும். இந்த வேலைகளைப் பக்கத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. கருவி எதையாவது நீயே இயக்கக் கற்றுக்கொள். நாளைக்கு வேறு ஆய்வகத்துக்குப் போனாலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

ஆலங்குளத்துப் பெண்:
நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. களக்காடு–முண்டந்துறைப் பக்கம் செடி சேகரிக்கப் போக வேண்டியிருக்கும் என்கிறார்கள். அதற்கு அனுமதி நான் வாங்க வேண்டுமா?

பேட்டைக்காரர்:
இல்லை. புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதைப் பேராசிரியர்தான் விண்ணப்பித்து வாங்குவார். நகல் உன் பையில் இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்டாதே. நேர்காணலுக்கு நீயே செடியை உலர்த்தி ஒட்டிச் செய்த ஹெர்பேரியத் தாள் இரண்டு மூன்றை எடுத்துப் போ. சேகரித்த இடமும் தேதியும் அதில் தெளிவாக எழுதியிருக்கட்டும். முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.