நின்றால் சூடேறுகிறது, ஓடினால் தணிகிறது: பலோதியில் நிற்கும் எங்கள் காருக்கு என்ன கோளாறு?

மணிநகர்வாசி – மே 21, பிற்பகல் 12:50

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் அகமதாபாத்திலிருந்து ஜெய்சல்மேருக்கு எங்கள் எட்டு வயதுப் பெட்ரோல் காரில் சென்றுகொண்டிருக்கிறோம். இராணுவத்தில் பணியாற்றும் என் மனைவியின் தம்பிக்கு இந்தக் கோடையில் விடுப்பு கிடைக்கவில்லை. பள்ளி ஆசிரியையான என் மனைவிக்கோ இப்போதுதான் விடுமுறை. ஆகவே வெயிலைத் தெரிந்தேதான் புறப்பட்டோம். நேற்றிரவு ஜோத்பூரில் தங்கி, இன்று அதிகாலை ஒசியான் கோவில்களைப் பார்த்துவிட்டு, பொக்ரான் வழியாகச் செல்லும் எண்ணத்தில் பலோதிக்கு வந்தோம். இப்போது இங்கே ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். வெளியே 46 டிகிரி.

திறந்த சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தில், பாதிக்குச் சற்றுக் கீழே, அசையாமல் நின்றது. ஊருக்குள் நுழைந்து கடைத்தெரு நெரிசலில் நின்றதும், சில நிமிடங்களில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது. அதே நேரத்தில் ஏசியும் வெறும் காற்றாக வீசத் தொடங்கியது. நெரிசல் விலகி மறுபடியும் ஓட்டியதும் இரண்டும் சரியாயின. விடுதி வாசலில் நிறுத்தியபோது முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. உடனே இஞ்சினை அணைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டியில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருக்கிறது. குழாய்த் தண்ணீரை ஊற்றலாம் என்றால் அது வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்புக் கரிக்கிறது.

இன்னொரு கவலையும் உண்டு. என் மனைவி இன்சுலின் எடுத்துக்கொள்பவர். ஒசியானில் நாங்கள் கோவிலுக்குள் இருந்த இரண்டு மணி நேரமும், அவர் பயன்படுத்திவரும் இன்சுலின் பேனா (ஊசி மருந்து அடங்கிய கருவி) காரின் பின்னிருக்கைப் பையிலேயே இருந்துவிட்டது. திறக்காத இன்னொரு பேனா, துண்டில் சுற்றி, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் இருக்கிறது. ஐஸ் இப்போது கரைந்துவிட்டது. அறையில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. கீழே வரவேற்பறையில் குளிர்பானம் விற்கும் பெட்டி ஒன்று இருக்கிறது; ஆனால் அதிலுள்ள பாட்டில்களில் பனிக்கட்டி மிதக்கிறது.

நாளை இந்தக் காரில் மீதமுள்ள சுமார் 160 கிலோமீட்டரைக் கடக்கலாமா? மருந்தை அதுவரை எப்படிக் காப்பது?

நெடுஞ்சாலைக்காரன் – பிற்பகல் 1:15

சிவப்புக் கோடு வரை போயிருக்கிறது என்றால், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் (இஞ்சினின் மேற்பகுதியைக் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு உண்டு. காரை இனி இயக்கவே வேண்டாம். ஜோத்பூருக்கு ஏற்றி அனுப்பிவிடுவதே நல்லது.

பழைய ஸ்பேனர் – பிற்பகல் 1:40

தம்பி, முதலில் மனைவியையும் உங்களையும் கவனியுங்கள். தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் குடியுங்கள். அங்கே ‘சாச்’ என்று கேட்டால் கிடைக்கும். நான் இராணுவத்தின் வண்டிப் பணிமனைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். அதில் மூன்று கோடைகள் அந்தப் பக்கத்தில்தான் கழிந்தன. நீங்கள் தங்கியிருப்பது 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான ஊர். அங்கே பகல் பன்னிரண்டுக்கு மேல் எந்த வண்டியையும் திறந்த வெளியில் பழுது பார்க்காதீர்கள்.

கேஸ்கெட் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டியதில்லை. அது போயிருந்தால் ஓடும்போதும் சூடேறும், கூலன்ட்டில் குமிழி வரும், ஆயில் பால் கலந்த காப்பிபோல் ஆகும். நீங்கள் எழுதியதில் விடை ஏறக்குறைய முழுமையாகவே இருக்கிறது: நின்றால் சூடு, ஓடினால் தணிவு, நிற்கும்போது ஏசியும் படுத்துவிடுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே, கூலன்ட்டை ஆற்றும் ரேடியேட்டருக்குள் புகுந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறிதான் செய்ய வேண்டும். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது; விசிறி சுழலாவிட்டால் அதில் அழுத்தம் எல்லை மீறி ஏறும், உடனே பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அதனால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டு, ஒரே நேரத்தில் சரியாகின்றன. தெர்மோஸ்டாட்டோ (இஞ்சின் சூடேறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) தண்ணீர் பம்போ கெட்டிருந்தால் ஏசி இப்படிக் கூடவே படுத்திருக்காது. எண்பதில் ஓடும்போதும் முள் அமைதியாக இருந்திருக்காது.

மாலை ஐந்து மணிக்கு மேல் நிழலில் வைத்து, இஞ்சின் தொட்டால் சுடாத நிலையில் இருக்கும்போது, சோதனையைத் தொடங்குங்கள். இஞ்சினை இயக்கி ஏசியைப் போட்டதும், பெரும்பாலான கார்களில் விசிறி சில நொடிகளில் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து, விசிறியின் ரிலேயை (அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) கழற்றி, அதே எண் பொறித்த ஹார்ன் ரிலேயின் இடத்தில் செருகி ஹார்னை அழுத்துங்கள். ஒலித்தால் ரிலே நல்லது. பிறகு ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்து, ஏசி ஓடும்போது விசிறியின் இணைப்பியில் 12 வோல்ட் வருகிறதா என்று சோதனை விளக்கால் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் வந்தும் சுழலவில்லை என்றால் மோட்டார்தான் போயிருக்கிறது. விரலை மட்டும் இறக்கைகளுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரென்று சுழலும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி அளவில் கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே 125-ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த மறுகணம் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். உப்புத் தண்ணீரும் வேண்டாம். அதே வகைக் கூலன்ட் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் பாட்டரிக்கு ஊற்றும் வடிநீரையும், இஞ்சின் ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

செவிலி அக்கா – பிற்பகல் 2:05

தம்பி, காரைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் மருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூடிய காரின் உட்புறம், காலை வெயிலிலேயே 50 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் இரண்டு மணி நேரம் இருந்த பேனாவை இனி நம்ப வேண்டாம். வெப்பத்தில் கெட்ட இன்சுலின் பார்வைக்குப் பழையபடி தெளிவாகவே இருக்கக்கூடும். வேலை செய்கிறதா என்பது சர்க்கரை அளவில்தான் தெரியும். ஆகவே, உங்கள் மருத்துவரை இன்றே தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கில் உள்ள புதிய பேனாவைத் தொடங்குங்கள். அது ஐஸில் நேரடியாகப் படவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகும் உதவாது. குளிர்பானப் பெட்டி வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம்.

திறக்காத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பயன்பாட்டில் இருப்பதற்கு 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் போதும். பெரும்பாலான வகைகள் அப்படி 28 நாள் வரை தாங்கும். இதற்கு நம் வீட்டு மண்பானையே போதும். அங்கே ‘மட்கா’ என்பார்கள். கழுவாத புதுப்பானையாக இருந்தால் ஒரு மணி நேரம் நீரில் ஊற வையுங்கள். கால் பங்கு தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு எவர்சில்வர் தம்ளரை நிறுத்தி, பேனாவை நீர் புகாத உறையில் போட்டு அதில் வையுங்கள். வாயை ஈரத்துணியால் மூடி, வெயில் படாத, ஆனால் காற்று நன்றாக வீசும் இடத்தில் பானையை வைக்க வேண்டும். மூலையில் வைத்தால் குளிராது. சென்னையின் புழுக்கத்தில் பானை ஓரளவுதான் குளிரும்; 45 டிகிரி வெயிலும் பத்து விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றிலோ, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 21 டிகிரி அளவுக்கு இறங்கும். பானை அந்த அளவுக்கு இறங்காது. ஆனாலும் உங்களுக்குத் தேவையான 30-க்குக் கீழே வந்துவிடும்.

சர்க்கரை பார்க்கும் கருவியையும் அதன் பட்டைகளையும் காரில் விடாதீர்கள். அவையும் வெப்பத்தில் தவறான எண்ணைக் காட்டும்.

மணிநகர்வாசி – மாலை 6:20

ஐயாவுக்கும் அக்காவுக்கும் எங்கள் இருவரின் நன்றி. மருத்துவரிடம் பேசிவிட்டோம், அவரும் புதிய பேனாவையே தொடங்கச் சொன்னார். மதியம் சர்க்கரை 268 இருந்தது. பானையை விடுதிக்காரரே கொடுத்தார். என் மனைவி அறிவியல் ஆசிரியை என்பதால் பையில் எப்போதும் ஒரு சிறு வெப்பமானி வைத்திருப்பார். லூ என்று இங்கே சொல்லும் அனல்காற்று வீசும் மாடிப்படி ஜன்னலோரம், நிழலில் பானையை வைத்து, அரைமணிக்கு ஒருமுறை தம்ளருக்குள் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு 34, நான்கு மணிக்கு 29, ஐந்தரைக்கு 26. பானையின் வெளிப்புறம் முழுவதும் வேர்த்து, தொட்டால் விரல் ஈரமாகிறது. பக்கத்துச் சுவரோ கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது.

காரில், ஏசியைப் போட்டும் விசிறி சுழலவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ரிலேயை மாற்றிச் செருகியதும் ஹார்ன் ஒலித்தது. ஆனால், விடுதிக்காரர் அழைத்துவந்த மெக்கானிக், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் எப்போதும் குளிர்ச்சியாக ஓடும், இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். அரைமணி நேர வேலைதானாம். செய்யலாமா?

பழைய ஸ்பேனர் – மாலை 6:35

வேண்டவே வேண்டாம், தம்பி. இதைப் பணிவாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழைய ஜீப்புகளிலும் டிராக்டர்களிலும் அந்த வழக்கம் இருந்தது. இன்றைய பெட்ரோல் இஞ்சின், கூலன்ட்டின் வெப்பத்தைப் பார்த்தே எரிபொருளை அளந்து தருகிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் திறந்த சாலையில் இஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், நாளடைவில் தேய்மானமும் கூடும். இத்தனைக்கும் பிறகு, விசிறி சுழலாத வண்டி நின்றால் சூடேறத்தான் செய்யும். நோய் ஒன்றிருக்க, வேறொன்றுக்கு அறுவை எதற்கு?

அவரிடம் ‘பங்கே கி மோட்டர்’ (விசிறியின் மோட்டார்) என்று சொல்லி, சோதனை விளக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இணைப்பியில் மின்சாரம் வந்தால், ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டாரின் முதுகில் லேசாக இரண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், அந்த அதிர்வில் ஒருமுறை சுழன்றுவிடும். அது பழுதை உறுதி செய்யும் வழிதானே தவிர, பழுது நீக்கும் வழி அல்ல. சுழன்றுவிட்டது என்று அப்படியே கிளம்பிவிடாதீர்கள்.

மணிநகர்வாசி – இரவு 10:15

நீங்கள் சொன்னபடியே நடந்தது. விளக்கு எரிந்தது, விசிறி அசையவில்லை. மூன்றாவது தட்டில் இழுத்து இழுத்துச் சுழன்றது. அணைத்து மறுபடி போட்டதும் நின்றுவிட்டது. மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்து, தெர்மோஸ்டாட் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். நல்ல மனிதர். அவரே ஊரிலுள்ள ஒரு கடைக்குத் தொலைபேசியில் பேசி, புது மோட்டாரை வரவழைத்தார். பழையதைப் பிரித்துக் காட்டியபோது, பிரஷ் இரண்டும் அடிவரை தேய்ந்து, உள்ளே கார்பன் தூளும் மாவுபோன்ற மணலும் கலந்து களிம்பாக ஒட்டியிருந்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் அவர் ஒன்பதரைக்கு வேலையை முடித்தார். வடிநீர் முக்கால் லிட்டர் பிடித்தது. கால்மணி நேரம் நிறுத்திய இடத்திலேயே ஏசியோடு ஓட்டிப் பார்த்தோம். முள் பாதியைத் தாண்டவில்லை.

நாளை எப்போது புறப்படலாம்?

பழைய ஸ்பேனர் – இரவு 10:30

நான்கரைக்குக் கிளம்புங்கள். டயர் காற்றை, கிளம்பும் முன் குளிர்ந்த நிலையில், கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையின்படி சரிபாருங்கள்; வழியில் சூடான டயரில் காற்று கூடுதலாகத் தெரிந்தால் இறக்கிவிடாதீர்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் குடிநீர் வண்டியில் இருக்கட்டும். முள் மறுபடி ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவிட்டு, நிற்காமல் மெல்ல ஓட்டுங்கள். இஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது உங்கள் காலடிக்குக் கொண்டுவந்துவிடும். இன்று பாதிக்குமேல் தண்ணீராகக் கலந்திருக்கலாம். ஊர் திரும்பியதும் கூலன்ட்டை முழுமையாக வடித்துப் புதிதாக நிரப்புங்கள்.

மணிநகர்வாசி – மே 22, காலை 8:40

ஜெய்சல்மேர் வந்து சேர்ந்துவிட்டோம். ராம்தேவ்ராவைக் கடக்கும்போது விடிந்தது. பொக்ரானில் தேநீருக்காக நிறுத்தியபோது, வேண்டுமென்றே இஞ்சினை அணைக்காமல் ஏசியோடு பத்து நிமிடம் விட்டுப் பார்த்தேன். விசிறி சுழல்வதும் நிற்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது, முள் அசையவில்லை. மனைவிக்குக் காலைச் சர்க்கரை 142. விடுதிக்காரர் பானைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வழிநெடுகிலும் அது என் மனைவியின் மடியில்தான் இருந்தது. வாயைச் சுற்றிய ஈரத்துணியை அவர் இரண்டு முறை நனைத்துக் கட்டினார். இப்போது மைத்துனர் வீட்டு ஜன்னலில், காற்று வரும் பக்கமாக வைத்திருக்கிறோம்.