கோபி (கோபிச்செட்டிபாளையம்) வீட்டுக் குழு: அம்மாவுக்கு எந்த முதியோர் இல்லம்?

அண்ணன்: சனிக்கிழமை காலையில் அம்மாவை டிஸ்சார்ஜ் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்பில் பந்துமூட்டு மாற்றிய அறுவைச் சிகிச்சையின் தையல் நன்றாக ஆறி வருகிறதாம். எந்த இல்லம் என்பதை நாளைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

தம்பி, துபாய்: நான் அனுப்பிய படங்களை எல்லோரும் பார்த்தீர்களா? தோட்டம், பிள்ளையார் கோயில், நூலகம், ஏசி அறை எல்லாம் இருக்கின்றன.

அண்ணி: பார்த்தோம் தம்பி. இடம் அழகாக இருக்கிறது.

சித்தி: கோபி வீட்டில் அத்தனை அறைகள் பூட்டிக் கிடக்க, எங்கள் அக்காவை இல்லத்தில் விடப் போகிறீர்களா?

அக்கா: சித்தி, வீடு இருக்கிறது, தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லை. கழிவறை கொல்லைப்புறத்தில், படி இறங்கிப் போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. பந்துமூட்டு மாற்றியவர் அங்கே குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது. அண்ணிக்கும் முழங்கால் வலி. ஆறு மாதம் கழித்து அம்மா வாக்கரில் நடந்தால் வீட்டைப் பற்றிப் பேசலாம்.

இன்று நானும் மாமாவும் இரண்டு இல்லங்களையும் பார்த்துவிட்டு வந்தோம். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். அரசு மருத்துவமனையில் இத்தனை ஆண்டுகள் நர்சாக இருந்த எனக்கு, முதியவர்களுக்கான இடம் என்றால் அது இரவில் எப்படி நடக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தோட்டமும் நூலகமும் எழுந்து நடப்பவர்களுக்கு உதவும். அம்மா இப்போது தானாகப் புரண்டுகூடப் படுக்க முடியாத நிலையில் இருக்கிறார். தம்பி சொன்ன இடத்தில் இரண்டு தளங்களில் நாற்பது பேர் இருக்கிறார்கள். இரவில் ஒரு நர்சும் இரண்டு உதவியாளர்களும் மட்டுமே. எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். சர்க்கரை உள்ள அம்மாவுக்கு அந்தப் புண் வந்தால் எளிதில் ஆறாது. மூன்று பேர் நாற்பது பேரை அப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தம்பி, துபாய்: காற்று மெத்தை தருவதாகச் சொன்னார்களே அக்கா?

அக்கா: காற்று மெத்தை உதவும், ஆனால் புரட்டிவிடும் வேலையை அது செய்யாது. இன்னொன்றும் பார்த்தேன். அங்கே ஒரு பாட்டியை நாற்காலியோடு துப்பட்டாவால் கட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, விழாமல் இருக்கத்தான் என்றார்கள். அம்மா சாயங்காலம் ஆனால் நேரம் தெரியாமல் அப்பாவைத் தேடுகிறார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படி வருவதுண்டு. அவருக்கும் கட்டு, அல்லது தூக்க மாத்திரை என்றால் நான் சம்மதிக்க மாட்டேன்.

அண்ணி: ஐயோ, கட்டிப் போட்டிருந்தார்களா!

மாமா: நானும் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

அக்கா: கோவையில் வடவள்ளிப் பக்கம் உள்ள இரண்டாவது இல்லம் பழைய கட்டடம், பதினெட்டே பேர். இரவில் ஒரு நர்சும் மூன்று உதவியாளர்களும். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் புரட்டினார்கள் என்று கையெழுத்தோடு தாள் தொங்குகிறது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது சாய்ந்து உட்கார வைக்கிறார்கள். புரையேறி நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க இது மிகவும் முக்கியம். முதியவர்களின் நகங்களையும் குதிகாலையும் பார்த்தேன், சுத்தமாக இருந்தன. ஒரு அறையில் காலிங் பெல்லை அழுத்தியதும் உதவியாளர் வந்துவிட்டார்.

அண்ணன்: குறை எதுவும் இல்லையா?

அக்கா: இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு மூன்று நாள்தான் வருகிறார். அம்மாவை நடக்க வைக்க அது போதாது. இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கே முடித்துவிடுகிறார்கள், காலை உணவு எட்டரைக்கு. இன்சுலின் போடுபவருக்கு இவ்வளவு இடைவெளி ஆபத்து. நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடலாம். படுக்கும் முன் சர்க்கரை பார்த்து, பாலும் பிஸ்கட்டும் தர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

அண்ணன்: திருப்பூரிலிருந்து வடவள்ளிக்கு நான் எப்படி அடிக்கடி வந்து போவது? தம்பி சொன்ன இடம் அவிநாசி சாலையிலேயே இருக்கிறது.

சித்தி: வீட்டை எழுதி வாங்கியவன் துபாயில் இருக்கிறான், அலைவது மட்டும் மற்றவர்களா?

தம்பி, துபாய்: சித்தி, அந்தப் பத்திரத்தை நான் கேட்டு வாங்கவில்லை. அம்மாவே எழுதிக் கொடுத்தது.

மாமா: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பக் கேட்க 2007ஆம் ஆண்டு முதியோர் சட்டத்தின் 23ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் இந்தக் குடும்பத்தில் யாரும் அம்மாவைக் கைவிடவில்லை. அந்தப் பேச்சை இங்கே வளர்க்க வேண்டாம்.

அண்ணி: அத்தையும் இந்தக் குழுவில் இருக்கிறார். போன் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் படிப்பார்.

தம்பி, துபாய்: மாதச் செலவு முழுவதையும் நானே அனுப்புகிறேன். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு அறிவித்ததே, அதில் கிடைக்காதா?

மாமா: ஆயுஷ்மான் பாரத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். இல்லத்தில் தங்கும் செலவுக்குப் பொருந்தாது.

அக்கா: வடவள்ளியில் மாதம் 38,000 சொல்கிறார்கள். டயப்பர், மருந்து, பிசியோ தனி. அட்வான்ஸ் இரண்டு மாதத் தொகை. பாதியில் அழைத்து வந்தால் எவ்வளவு திரும்பத் தருவார்கள், திடீரென்று உடல் நிலை மோசமானால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், முதலில் யாருக்குப் போன் செய்வார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்காமல் பணம் கட்டக் கூடாது.

அண்ணன்: செலவை மூன்றாகப் பிரிப்போம். அப்பா படுத்திருந்தபோது நீ ஒருத்தியாகவே செலவு செய்தாய், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அக்கா: அதைப் பிறகு பேசலாம் அண்ணா. இப்போது எனக்கு உங்கள் சம்மதம்தான் வேண்டும்.

அண்ணன்: ஒரு மாதம் என்றால் வடவள்ளிக்குச் சம்மதம். ஆனால் வெளியிலிருந்து பிசியோதெரபிஸ்டை நாம் தினமும் அனுப்ப அவர்கள் அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் யோசிக்க வேண்டும்.

அண்ணி: அத்தையிடம் இன்னும் யாருமே கேட்கவில்லையே?

சித்தி: நாளைக் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்கிறேன். நான் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அக்கா: மாட்டேன் என்று அம்மா சொன்னால் வற்புறுத்த வேண்டாம் சித்தி, எனக்குப் போன் செய்யுங்கள். நான் பத்து மணிக்கு இல்லத்துக்குப் பேசி, பிசியோ பற்றிக் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

தம்பி, துபாய்: அட்வான்ஸை இன்றே அனுப்பிவிடவா?

அண்ணன்: அக்கா பேசி முடிக்கட்டும், பொறு. அம்மாவின் ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது?

சித்தி: என்னிடம் இல்லை. கோபி வீட்டுப் பீரோவில் பாருங்கள்.