மிருதங்கம் பதிவு பண்ணினா ஒவ்வொரு அடியும் பின்னாடி விழுது. பழைய கம்ப்ரஸர்தான் காரணமா?

கும்கி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல வீட்டு மாடி அறையிலதான் பதிவு பண்றேன். மாமா தம்புராவோட பாடி அனுப்புவார், நான் மிருதங்கம் வாசிச்சுச் சேர்ப்பேன். வலந்தலைக்கு (வலது பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு (கனமா ஒலிக்கற இடது பக்கம்) ஒரு மைக். அங்கேருந்து மைக் ஒலியைப் பெருக்கற ப்ரீஆம்ப், அப்புறம் சத்தத்தோட ஏற்ற இறக்கத்தைக் குறைக்கற, ரெண்டாங்கையா வாங்கின அனலாக் கம்ப்ரஸர், அதுலேருந்து ஒலியை லேப்டாப்புக்குக் கொண்டுபோற ஆடியோ இன்டர்ஃபேஸ். லேப்டாப்ல ரீப்பர்ங்கற பதிவு மென்பொருள், 48000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 48000 சாம்பிள், அதாவது ஒலித் துணுக்கு), பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கற சாம்பிள்) 256.

வாசிக்கும்போது சமத்துல (தாளத்தோட முதல் தட்டுல) கச்சிதமா விழற அடி, திரும்பப் போட்டா ஒரு இழை பின்னாடி நிக்குது. மாமா ரெண்டு தடவை கேட்டுட்டு "ஏண்டா இழுக்கற?"ன்னார். பதினாலு வருஷமா வாசிக்கறேன். அந்த ஒரு சொல் ராத்திரி தூங்க விடலை.

பஃபரை 128 ஆக்கிப் பார்த்தேன், அதே அளவு பின்னாடி. 64-ல பட் பட்னு வெடிக்குது. கம்ப்ரஸரைத் தூக்கிடலாமா?

இன்னொண்ணு. பதிவான தொப்பி டிராக்கை மறுபடி வெளியே அனுப்பி, அதே கம்ப்ரஸர் வழியா உள்ளே எடுத்து, பழசோட கலந்தேன். கும்கியோட (தொப்பியில கையை அழுத்தி இழுத்து வர்ற கனமான நாதம், என் பேரும் அதுலேருந்துதான்) கனமே போயிடுச்சு, குழாய்க்குள்ள வாசிச்ச மாதிரி இருக்கு. தனித்தனியா கேட்டா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

சுருதிப்பெட்டி எழுதியது:

ஹெட்ஃபோன்ல உங்க வாசிப்பு எந்த வழியா வருது? ரீப்பர் வழியா வந்தா அதை நிறுத்திட்டு இன்டர்ஃபேஸ்லயே இருக்கற டைரக்ட் மானிட்டரைப் போடுங்க, லேப்டாப் போகாம நேரா காதுக்கு வரும். 256 பஃபர்னா உள்ளே 5.3 மில்லிசெகண்ட், வெளியே இன்னொரு 5.3. அதுக்கு மேல இன்டர்ஃபேஸோட நேரம் வேற. மடியில ஒரு அடி, காதுல இன்னொரு அடின்னு கேட்டா யாருக்கும் கை தயங்கும்.

பாட்டு முடியும்போதும் பின்னடைவு அதே அளவுதானா, இல்லை கூடிக்கிட்டே போகுதா? கூடினா அது ரெண்டு கருவியோட கடிகாரம் ஒத்துப்போகாத கதை, வேற வைத்தியம்.

கும்கி எழுதியது:

டைரக்ட் மானிட்டர்தாங்க போட்டிருக்கேன், வாசிக்கும்போது ஒரு உறுத்தலும் இல்லை. பல்லவியிலயும் சரி, கடைசி தீர்மானத்துலயும் (முடிக்கற சொற்கட்டு) சரி, அதே அளவுதான் பின்னாடி.

பழையகேபிள் எழுதியது:

தம்பி, கம்ப்ரஸரைத் தூக்காதீங்க. அனலாக் பெட்டிக்குள்ள மின்சாரம் காத்துக்கிட்டு நிக்காது. அது எடுக்கற நேரம் காதுக்கு எட்டாது. நேரம் போறது ஒலி எண்ணா மாறி, மறுபடி ஒலியா மாறற இடத்துலயும், நடுவுல யூஎஸ்பி, டிரைவர் (இன்டர்ஃபேஸை லேப்டாப்போட பேச வைக்கற மென்பொருள்) வழியா போய் வர்றதுலயும்.

நீங்க சொன்னதுலயே விடை இருக்கு. பஃபரைப் பாதியாக்கியும் பின்னடைவு மாறலை. அப்படின்னா பஃபரோட தாமதத்தை ரீப்பர் ஏற்கெனவே கழிச்சிடுது. டிரைவர் வாயைத் திறந்து சொல்லாத மிச்சம் ஒண்ணு இருக்கு, அதுதான் உங்க அடியைத் தள்ளுது. கேட்கற தாமதம் வேற, பதிவாகற இடம் தள்ளிப்போறது வேற. டைரக்ட் மானிட்டர் முதலாவதைத்தான் தீர்க்கும்.

அளந்துடுங்க. ஒரு டிராக்ல ஒரே ஒரு கிளிக் வைங்க. இன்டர்ஃபேஸோட 3-ஆம் அவுட்லேருந்து 3-ஆம் லைன் இன்னுக்கு நேரா ஒரு கேபிள். பதிவாகற டிராக்கோட மானிட்டரை அணைச்சிடணும், இல்லைன்னா சுத்திச் சுத்தி ஊளையிடும். ஸ்பீக்கரையும் குறைச்சு வைங்க. பதிவு பண்ணி, பெரிசாக்கி, ரெண்டு கிளிக்குக்கும் நடுவுல எத்தனை சாம்பிள்னு எண்ணுங்க. லேப்டாப்பை அணைச்சுப் போட்டு இன்னும் ரெண்டு தடவை பாருங்க, அதே எண் வரணும். அந்த எண்ணை ரீப்பர் ப்ரிஃபரன்ஸஸ்ல ஆடியோ, ரெக்கார்டிங் பக்கத்துல இன்புட் மேனுவல் ஆஃப்செட்ல போடுங்க. டிரைவர் சொல்ற லேட்டன்சியை (தாமதத்தை) பயன்படுத்தற டிக் அப்படியே இருக்கட்டும்.

கும்கி எழுதியது:

அண்ணா, மூணு தடவையும் 214 சாம்பிள்! 48000-க்கு 4.46 மில்லிசெகண்ட். போட்டுட்டு மறுபடி அளந்தேன், கிளிக் மேல கிளிக் உக்காருது. ராத்திரியே மோஹராவும் கோர்வையும் (வாசிப்பை முடிக்கற சொற்கட்டுகள்) வாசிச்சுப் பதிவு பண்ணினேன். கடைசி "தா" பாட்டு எடுப்புல (பாட்டு வரி தொடங்கற இடத்துல) அப்படியே விழுந்தது. கண்ணு கலங்கிடுச்சு. கை இழுக்கலைன்னு தெரிஞ்சதே போதும்.

பழைய பதிவு ஆறு பாட்டு இருக்கு, எல்லா மிருதங்க டிராக்கையும் 214 சாம்பிள் முன்னாடி நகர்த்திட்டேன். அந்த கும்கி விஷயமும் இதுதானா?

பழையகேபிள் எழுதியது:

அதேதான். ஒரே ஒலி 4.46 மில்லிசெகண்ட் தள்ளி இன்னொரு தடவை வந்தா, 112 ஹெர்ட்ஸ் பக்கம் ஒண்ணு மேலே போகும்போது இன்னொண்ணு கீழே போய் ரெண்டும் அழிஞ்சிடும். அடுத்து 336, அப்புறம் 560 பக்கம், இப்படியே மேல மேல சீப்புப் பல்லு மாதிரி. தொப்பியோட கார்வை (நீண்டு நிக்கற நாதம்) இருக்கற இடத்துலயே முதல் பல்லு விழுந்திருக்கு. அதனாலதான் தனித்தனியா நல்லா இருந்தது, சேர்த்தா செத்துப்போச்சு.

பதிவு பண்ணாம நேரலையா வெளியே அனுப்பிக் கலக்கணும்னா ரீப்பர்ல ரீஇன்சர்ட்னு ஒரு ப்ளக்இன் இருக்கு. அதுல பிங் (சோதனை ஒலி அனுப்பற பட்டன்) கொடுத்தா தானே போய் வர்ற நேரத்தை அளந்து ஈடுகட்டும். பிங் கொடுக்கும்போது கம்ப்ரஸரை பைபாஸ்ல (வேலை செய்யாம ஒலி நேரா போற நிலையில) வைங்க. பதிவு பண்ணித்தான் சேர்க்கறதுன்னா இந்த 214-ஏ போதும்.

கும்கி எழுதியது:

கலந்து பார்த்துட்டேன், கும்கி திரும்பி வந்துடுச்சு. கடைசியா ஒண்ணு. மாமா அனுப்பின ஒரு வர்ணம் 44100-ல இருக்கு. ப்ராஜெக்டையும் அதுக்கு மாத்தினா 214 அப்படியே விடலாமா?

பழையகேபிள் எழுதியது:

வேண்டாம், அந்த ரேட்டுக்குத் தனியா அளங்க. யூஎஸ்பி துளையையோ டிரைவரையோ மாத்தினாலும் அப்படித்தான். அந்தக் கேபிளை அறையிலயே ஒரு ஆணியில மாட்டி வைங்க.