டர்போ பெட்ரோலா, டீசலா? டெல்டா சாலைகளில் கார் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

குடமுருட்டிக் கரையான் கேட்டது:

வணக்கம். கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு ஒரு விதை நிறுவனத்துக்கு வட்டார மேலாளராக இருக்கிறேன். வயது 43. ஒன்பது ஆண்டுகளாகச் சொந்த வண்டியைத் தேய்த்தவனுக்கு இப்போதுதான் கம்பெனி கார் தரப்போகிறார்கள். எங்கள் பதவிக்கு ஹூண்டாய் கிரெட்டா. என்ஜினை மட்டும் நானே தேர்ந்தெடுத்துப் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்று 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 160 குதிரைத்திறன், ஏழு கியர் டிசிடி என்கிற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். மற்றது 1.5 லிட்டர் டீசல், 116 குதிரைத்திறன், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். நான்கு ஆண்டுகள் கழித்துக் கணக்குப் புத்தக மதிப்பில் நானே வாங்கிக்கொள்ளலாம்.

என் ஓட்டம் மாதம் 3,200 கிலோமீட்டர். திங்கட்கிழமை வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. செவ்வாய் மயிலாடுதுறை, சீர்காழி. புதன் திருவாரூர், நாகப்பட்டினம். மாதம் இரண்டு முறை திருச்சியில் கூட்டம். வழியெல்லாம் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு விதைக்கடை. இறங்கு, பேசு, காபி குடி, கிளம்பு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெட்ரோல் வண்டிதான் வேண்டும். காரணம் வேகம் மட்டுமல்ல. பாபநாசம் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் அப்பா ஆயில் என்ஜின் வைத்து இறைப்பார். கைப்பிடியைப் போட்டுச் சுற்றி அதைக் கிளப்புவது என் வேலை. பள்ளிக்கூடச் சட்டையில் டீசல் வாசனை போகவே போகாது. வகுப்பில் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். கேனைத் தூக்கிக்கொண்டு கடனுக்கு டீசல் வாங்கப் போனதும் நான்தான். அந்தச் சத்தமும் வாசனையும் இனி வேண்டாமே என்றுதான் மனம் சொல்கிறது.

ஆனால் நான் விதை விற்கிறவன். "ஆடுதுறை 43 நல்லதா, சி.ஆர். 1009 நல்லதா" என்று கேட்கும் விவசாயியிடம், "உங்களுக்கு எத்தனை நாளைக்குத் தண்ணீர் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பேன். முதலாவது 110 நாள் நெல் ரகம், மற்றது 155 நாள் நெல் ரகம். தண்ணீரைத் தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்ல முடியாது. என் விஷயத்தில் அந்தத் தண்ணீர் எது என்று எனக்கே புரியவில்லை. ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆழித்தேர்:

அண்ணா, பெட்ரோல். இதில் யோசிக்கவே வேண்டாம். எனக்குத் திருவாரூர், வேலை சென்னையில். இரண்டு ஆண்டுகளாக ஒரு டர்போ பெட்ரோல் செடான் வைத்திருக்கிறேன். இரவு பதினொன்றுக்குக் கிளம்பி விடியலில் வீட்டு வாசலில் இறங்கும் சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பஸ்ஸை முந்தும்போது காலை அழுத்தினால் வண்டி தயங்காமல் பாய்கிறது. இருவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் எத்தனை நொடி இருக்கிறோமோ அத்தனை நொடியும் ஆபத்துதானே? அதைக் குறைப்பதும் பாதுகாப்புதான்.

மைலேஜைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். நான்கு வழிச் சாலையில் 90ஐத் தாண்டாமல் போனால் 16 கிடைக்கும். ஊருக்குள் 10, 11. கால் கொஞ்சம் கனமாக இருந்தால் அதற்கும் கீழே. கம்பெனி எரிபொருளுக்குக் கவலை ஏன்?

பாமணியாற்றுப் பட்டறை:

மன்னார்குடியில் 26 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சின்னவர் சொன்ன சுகத்தை மறுக்கவில்லை. ஆனால் கேட்டவருக்குச் சென்னைச் சாலை இல்லை, நீடாமங்கலம் ரயில்வே கேட் இருக்கிறது. சரக்கு ரயில் வந்து நின்றால் அங்கே 160 குதிரையும் 116 குதிரையும் ஒன்றாகத்தான் நின்று தூங்கும்.

தம்பி, டீசல் எடுப்பதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். கரியைப் பிடித்துச் சேர்த்து வைக்கும். நிறைந்ததும் என்ஜின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, அறுநூறு டிகிரி வரை சூடேற்றி, அந்தக் கரியை எரித்துவிடும். அதற்குப் பதினைந்து இருபது நிமிடம் நிற்காத ஓட்டம் வேண்டும். பாதியில் வண்டியை அணைத்தால் வேலையும் பாதியில் நிற்கும். அடிக்கடி அப்படி நடந்தால் எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது ஆயில் கூடியிருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், பட்டறைக்கு வாருங்கள்.

இங்கே ஒரு நெல் வியாபாரி டீசல் கார் வாங்கினார். வீட்டிலிருந்து அவருடைய மண்டி மூன்று கிலோமீட்டர். தினமும் அவ்வளவுதான். எட்டாம் மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. திருத்துறைப்பூண்டி வரை ஒரே சீராக நானே ஓட்டிப் போய்த் திரும்பினேன், விளக்கு அணைந்தது. "வாரம் ஒரு முறை கோயிலுக்காவது தூரமாகப் போங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். இப்போது ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வேளாங்கண்ணி, எட்டுக்குடி என்று போய்வருகிறார். வீட்டம்மாவுக்கு என் மேல் நல்ல மதிப்பு.

கடைக்குக் கடை நிற்கும் உங்கள் ஓட்டமும் வடிகட்டிக்கு ஆகாததுதான். ஆனால் காலையில் புறப்படும் முதல் முப்பது நாற்பது கிலோமீட்டரை நிற்காமல் ஓட்டிவிட்டு, திரும்பும்போது கடைகளைப் பார்த்தால் தொல்லை இல்லை. திருச்சிப் பயணமும் இருக்கிறதே.

பெட்ரோல் எடுத்தால் வேறு கவனம். அந்த டிசிடி கியர்பெட்டிக்குள் உலர் கிளட்ச் இரண்டு இருக்கின்றன. அறுவடை இயந்திரத்தின் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தால் கிளட்ச் தேய்ந்து சூடாகும். முன்வண்டியை ஒட்டி ஊராமல், இடைவெளி விட்டு நின்று, பிறகு நகர வேண்டும். டீசலில் வருவது டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். எண்ணெயில் சுழல்வது, ஊர்வதைப் பொறுத்துக்கொள்ளும். நம் பக்கம் அறுவடைக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

எந்த வண்டியானாலும் களத்தில் வைக்கோல் மேல் நிறுத்தாதீர்கள். தை, மாசியில் சாலையிலேயே நெல்லும் வைக்கோலும் கிடக்கும். அடியில் சுற்றிக்கொண்ட வைக்கோல் சூடான குழாயைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். டீசல் தன் கரியை எரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தச் சூடு இன்னும் அதிகம்.

கடைசியாக எலி. சம்பா அறுத்ததும் வயலில் இருக்கிற எலியெல்லாம் குடியிருப்புக்கு வரும். போன ஆண்டு மட்டும் வயர் கடித்த வண்டிகள் பதினொன்று பார்த்தேன். எலிக்குப் பெட்ரோல், டீசல் பேதம் தெரியாது. ராத்திரி கார் பக்கத்தில் மூங்கில் கிட்டி (எலிப்பொறி) இரண்டு வையுங்கள். கடையில் விற்கும் மருந்துத் தெளிப்பானை விட அது மேல்.

பேரேடு:

தஞ்சாவூரில் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கிறேன். எல்லோரும் காரைப் பற்றிப் பேசுகிறீர்கள். கேட்டவர் முக்கியமான ஒன்றைச் சொல்லவே இல்லை. எரிபொருள் பணம் யார் கையிலிருந்து, எப்படிப் போகிறது? பில்லைக் கொடுத்தால் முழுவதும் தருகிறார்களா, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டிப்போட்டிருக்கிறார்களா? நீங்கள் தேடும் தண்ணீர் அதுதான்.

வரியைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். நிறுவனக் காரைச் சொந்த வேலைக்கும் பயன்படுத்தினால் அதன் மதிப்பைச் சம்பளத்தில் சேர்ப்பார்கள். என்ஜின் அளவில் கோடு 1.6 லிட்டரில் இருக்கிறது. 1962ஆம் ஆண்டு விதிகளில், செலவை நிறுவனம் ஏற்கும்போது, அதற்குள் இருந்தால் மாதம் 1,800 ரூபாய், தாண்டினால் 2,400. ஓட்டுநரையும் கொடுத்தால் கூடுதலாக 900. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் தொகையை அந்தந்த ஆண்டு விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்ரோல் என்ஜின் 1,482 சிசி, டீசல் 1,493 சிசி. இரண்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம். வரி இதில் தீர்ப்புச் சொல்லாது.

"டீசலுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள்" என்று இன்னொரு பேச்சு வரும். அது தில்லி வட்டாரத்துக் கதை. பாபநாசத்துக்கு அந்த விதி வரவில்லை.

குடமுருட்டிக் கரையான்:

பேரேடு ஐயா, சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். வெட்கமாக இருக்கிறது; விதை வாங்க வருகிறவரிடம் நான் கேட்பதை என்னிடம் நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் விசாரித்தேன். எந்த என்ஜினாக இருந்தாலும் அலுவல் ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய், அவ்வளவுதான். கூடினால் என் பணம், மிஞ்சினாலும் என் பணம். பராமரிப்பும் காப்பீடும் நிறுவனத்துடையவை.

நேற்றிரவு கணக்கு நோட்டை எடுத்தேன். லிட்டர் பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று சில்லறையைத் தள்ளிவிட்டுப் போட்டேன். என் ஓட்டத்துக்கு மைலேஜ் டர்போ பெட்ரோலில் 12.5, டீசலில் 18 என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலுக்கு மாதம் 256 லிட்டர், 25,856 ரூபாய். டீசலுக்கு 178 லிட்டர், சுமார் 16,550 ரூபாய். கம்பெனி தருவது 22,400. பெட்ரோலில் மூவாயிரத்துச் சொச்சம் கையை விட்டுப் போகும், டீசலில் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். நான்கு ஆண்டுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய நாலரை லட்சம். புதன்கிழமை நாகப்பட்டினத்திலிருந்து காரைக்கால் வழியாகத் திரும்பி அங்கே நிரப்பினால் லிட்டருக்குச் சில ரூபாய் குறையும். ஆனால் இரண்டுக்கும்தான் குறையும்.

மனைவியிடம் காட்டினேன். "நாலரை லட்சம் கொடுத்துப் பஸ்ஸை முந்த வேண்டுமா?" என்றாள். ஆழித்தேர் தம்பி, பதில் இருந்தால் அனுப்புங்கள்.

ஆழித்தேர்:

அண்ணியாரிடம் வாதாட நான் வரவில்லை.

வல்லத்து ஆசிரியை:

பொறியியல் கல்லூரியில் வெப்ப இயக்கவியல் நடத்துகிறேன். நாலரை லட்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த 160ஐப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். முழு விவரத்தாளையும் பார்த்தீர்களா? டர்போ பெட்ரோலின் முறுக்கு விசை 253 நியூட்டன் மீட்டர், டீசலின் முறுக்கு விசை 250. ஏறத்தாழ ஒன்றே. பெட்ரோலில் அது நிமிடத்துக்கு 1,500 முதல் 3,500 சுழற்சி வரை கிடைக்கும். டீசலில் 1,500 முதல் 2,750 வரை. திறன் என்பது முறுக்கு விசையைச் சுழற்சியால் பெருக்கி வருவது. பெட்ரோல் என்ஜின் 5,500 சுழற்சி வரை ஏறிப் போய் அந்த 160ஐக் காட்டுகிறது. டீசல் 4,000லேயே 116ஐக் காட்டி முடித்துவிடுகிறது. அதாவது நீங்கள் நாள் முழுவதும் ஓட்டப்போகும் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு சுழற்சிக்குள் இரண்டு என்ஜின்களும் கிட்டத்தட்ட ஒரே பலத்தோடு இழுக்கின்றன. மீதிக் குதிரைகள் மேல்மாடியில் இருக்கின்றன. நீங்கள் அந்த மாடிக்கு எத்தனை முறை ஏறுவீர்கள்?

முந்துவதைப் பற்றித் திருவாரூர்த் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. 60இலிருந்து 100க்குப் போகும் இடத்தில் பெட்ரோல் தெளிவாக முன்னே நிற்கும். என் சந்தேகம், வலங்கைமான் சாலையில் அந்த இடைவெளி எங்கே கிடைக்கும் என்பதுதான்.

உங்கள் 12.5ஐயும் நான் சற்றுத் தாராளமானது என்றே சொல்வேன். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும்தான் அந்த எத்தனால் ஆகின்றன என்பதால் நம் பக்கத்து ஆட்கள் அதை ஏச மாட்டார்கள். ஆனாலும் கணக்கில் அது இருக்கிறது.

ஷோரூம்காரர் பைபாஸில் ஐந்து நிமிடம் ஓட்டக் கொடுப்பார். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு வண்டியையும் உங்கள் திங்கட்கிழமை வழியில் கேளுங்கள்.

குடமுருட்டிக் கரையான்:

ஆசிரியை அம்மா சொன்னபடி கேட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள். ஆறு வண்டி ஆர்டர் போகப்போகிறது என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

பெட்ரோலைத் தஞ்சாவூரில் எடுத்துச் செங்கிப்பட்டி வரை போனேன். பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பதினைந்து இருபது நிமிடம் நான் 43 வயதுக்காரனாக இல்லை. திரும்பி வந்து நீடாமங்கலம் பக்கம் விட்டபோது முன்னால் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர், அதன் பின்னால் மினி பஸ், அதன் பின்னால் நான். ஆலங்குடி வரை மூன்றாவது கியரைத் தாண்டவில்லை. மீட்டரில் 9.8 என்று காட்டியது.

மறுநாள் டீசல், அதே வழி. கிளப்பும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஆயில் என்ஜின் சத்தம் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உறுமல் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோல இருக்கிறது. மினி பஸ்ஸை முந்த ஒரே ஓர் இடம் கிடைத்தது, முந்திவிட்டேன். மீட்டரில் 17.6. பெட்ரோல் தந்த அந்தத் துள்ளல் இதில் இல்லை. அது ஒரு குறைதான், இல்லை என்று நானே என்னை ஏமாற்றிக்கொள்ளப்போவதில்லை.

டீசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வண்டி தையில் வரும். நிறத்துக்கு மட்டும் கம்பெனி கேட்கவில்லை, எல்லாருக்கும் வெள்ளை.

பட்டறை அண்ணன் சொன்ன கிட்டியைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அப்பா காதில் விழுந்துவிட்டது. காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொல்லையில் மூங்கில் வெட்டிக்கொண்டிருக்கிறார்.