புதுப்பிப்பு: பொங்கி அமுங்கிய பிரெட் இப்போது விலைக்குப் போகிறது

சென்ற மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பிசைந்த மாவு அரை மணி நேரத்தில் பொங்கி, ஓடிஜியில் (சிறிய மின்சார அவனில்) வைத்ததும் அமுங்கி, புளிப்பு வாடையோடு வெளியே வருகிறது என்று. ஈஸ்ட் பழையது என்று அப்போது சாதித்தேன். பழையதாக இருந்தால் மாவு பொங்கியே இருக்காது. அந்தப் பொட்டலத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நான் பின்பற்றியது குளிர்நாட்டு அளவு: 500 கிராம் மைதாவுக்கு 7 கிராம் ஈஸ்ட், வெதுவெதுப்பான நீர். சென்னை மேற்கு மாம்பலத்தில், மே மாதத்தில்! அந்தச் சூட்டில் மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது. இப்போது 3 கிராம் ஈஸ்ட், ஐஸ் தண்ணீர். பிசைந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் உருட்டி டின்னில் இட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல் விரலால் அழுத்திப் பார்க்கிறேன். குழி மெல்ல மேலெழுந்தால் சுடலாம். சட்டென்று எழுந்தால் பொறுக்க வேண்டும். எழவே இல்லையென்றால் காலம் கடந்துவிட்டது. இரவெல்லாம் குளிரில் கிடந்த மாவுக்குத் தனி மணம்.

மாடி வீட்டு மாமிதான் முதலில் காசு கொடுத்தவர். இப்போது வாரம் பன்னிரண்டு பிரெட், ஒன்று 80 ரூபாய். மின்கட்டணம் போக மிஞ்சுவது பால் செலவுக்குச் சரியாக இருக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்துவிட்டேன். ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். என் மகன் மட்டும் இன்னும் ஓரத்தைத் தின்பதில்லை.

அடுத்து கேழ்வரகு கலந்து பார்க்கப் போகிறேன். ஐந்தில் ஒரு பங்கு போதுமா?