அமெரிக்க ஆமியின் காது அடைப்பான் வழக்கு: இப்போதும் பெயர் பதியலாமா?

வெள்ளவத்தை வாணி:
என் அண்ணா அமெரிக்க ஆமியில் இருந்தவர், 2010இல் ஆப்கானிஸ்தானுக்கும் போனவர். இப்போது அம்மாவோடு இருக்கவேண்டும் என்று இங்கே வந்துவிட்டார். இரண்டு காதிலும் ஓயாத இரைச்சல். காலி வீதிப் பக்கத்து அறையைத்தான் கேட்டு எடுத்தார். பஸ் சத்தம் இருந்தால்தான் நித்திரை வருகிறதாம். என் சின்னவள் பேசுவது அவருக்குப் பாதிதான் பிடிபடுகிறது. அவள் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

ஆமியில் கொடுத்த அடைப்பான் இன்னும் அவருடைய பையில் கிடக்கிறது. ஒரு முனை மஞ்சள், மற்றது கடும்பச்சை. அதற்கு நட்டஈடு கிடைக்கும், பதிவுக்கு 85,000 ரூபாய் கட்டுங்கள் என்று இங்குள்ள ஒரு முகவர் நச்சரிக்கிறார். அம்மா சங்கிலியை அடகு வைக்கவும் தயார். கட்டலாமா?

கொட்டாஞ்சேனை ரவி:
தங்கச்சி, ஒரு சதமும் கட்டாதீர்கள்! அந்த வழக்கை ஆரம்பத்திலிருந்தே பின்தொடர்ந்தவன் நான். அடைப்பானின் தண்டு கட்டை, காதுக்குள் மெல்லத் தளர்ந்துவிடுகிறது, போட்டவருக்கே அது தெரியாது என்பதுதான் குற்றச்சாட்டு. 2018இல், அதை ஆமிக்கு விற்ற 3எம் கம்பனி அமெரிக்க அரசுக்கு 91 இலட்சம் டொலர் கொடுத்துச் சமாதானமானது, பொறுப்பை ஏற்கவில்லை. அதன்பிறகு படையினரின் வழக்குகள் இலட்சக்கணக்கில் புளோரிடாவின் பென்சகோலா நீதிமன்றத்தில் குவிந்தன. துணைக் கம்பனியை வங்குரோத்தாக்கித் தப்பப் பார்த்தார்கள், அது எடுபடவில்லை. 2023 ஓகஸ்ட்டில் 601 கோடி டொலருக்கு இணங்கினார்கள்.

ஆனால் அது ஏற்கெனவே வழக்குப் போட்டவர்களுக்கான தீர்வு. இப்போது காசு வாங்கிப் பதிகிறேன் என்பவரை நம்பாதீர்கள். இப்படியான வழக்குகளில் அங்குள்ள லோயர்களே முன்பணம் கேட்பதில்லை, கிடைப்பதில் பங்குதான் எடுப்பார்கள்.

அண்ணாவுக்கு வேறு வழி திறந்தே இருக்கிறது. அமெரிக்க முன்னாள் படையினர் திணைக்களத்திடம் ஊனக் கொடுப்பனவு கேட்கலாம். அதற்குக் காலக்கெடு இல்லை, எந்த நாட்டில் இருந்தும் இணையத்திலேயே போடலாம். காது இரைச்சலுக்கு மட்டுமே 10 வீத ஊனம் என்று கணக்கிடுகிறார்கள். காரணம் அடைப்பானா என்று நிரூபிக்கத் தேவையில்லை. சேவைக் காலத்துச் சத்தத்தால் வந்தது என்று காட்டினால் போதும். முதல் விண்ணப்பத்தை நிரப்பித்தர யாரும் கட்டணம் வாங்குவது அங்கே சட்டவிரோதம்.

தெஹிவளை நிஷா:
நான் காது பரிசோதிக்கிறவள். அக்கா, முதலில் ஓடியோகிராம், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுக்கச் சொல்லுங்கள். வெடிச்சத்தம் கேட்ட காதென்றால் அந்த வரைபடத்தில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஸ்தாயியில் ஒரு பள்ளம் விழும். மேல்ஸ்தாயிக் குரல்கள், ச, த போன்ற எழுத்துகள் முதலில் நழுவும். பிள்ளையின் பேச்சு பிடிபடாததும் அதனால் இருக்கலாம். இரைச்சல் எப்போது தொடங்கியது என்பதையும் மறக்காமல் எழுதுவிக்கவும்.

வெள்ளவத்தை வாணி:
ரவி அண்ணா, நிஷா, மிகவும் நன்றி. சங்கிலி அலுமாரியிலேயே இருக்கட்டும். சேவை விடுவிப்புப் பத்திரம் அண்ணாவிடம் இருக்கிறது. திங்கட்கிழமை ஓடியோகிராமுக்குக் கூட்டிப்போகிறேன். பின்னேரம் முகவர் எடுத்தால் நானே பேசுவேன், அம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கமாட்டேன்.